நாலாம் எடிஷன்ல என் டர்ன்

என் டர்ன் முடிஞ்சுபோச்சு. என்ன பண்ணேன்னு கேட்டா, ஒண்ணும் பண்ணல, நின்னேன். வேணுண்ணா நிக்கிறாருன்னு இந்துஜா சொல்லி, டேப்லெட்ல எதையோ தட்டி, அடுத்து லோகுன்னுட்டா. ஒரு மனுஷனோட டர்ன் அவ்ளோதான். இனி லோகு, அப்புறம் ஜெரால்டு, அப்புறம் கதைக்குள்ள இருக்கற பாலத்துக்காரி, இந்த எடிஷன்ல பாலத்துக்காரிக்குக் கூட டர்ன் உண்டு, அதுக்கப்புறம் சுத்திக்கிட்டு என்கிட்ட வரும், வரட்டும், மெதுவா வரட்டும், அந்த டர்ன்ல இந்த விளையாட்ட முடிச்சு விட்டுர்றேன். நாலாம் எடிஷன், இந்தப் புது விதிப் புக்கு, நம்ம குழுவுல ஒரே ஒரு ஞாயித்துக்கிழம மதியானம் உசுரோட இருந்துச்சு, பாவம்னு அப்புறமா சொல்லிக்கலாம். எல்லாரும் என் பக்கம் திரும்பணும், டேய் வேணு, பழைய புக்க எடுடான்னு ஜெரால்டு சொல்லணும், நான் ஒரு தடவ வேண்டாம்டான்னு சொல்லணும், ரெண்டாவது தடவ சொன்னப்புறம் முட்டியப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயி அந்த நாற்காலில உக்காரணும். அது என் நாற்காலி. ஜெரால்டு வீட்டு நாற்காலிதான், ஆனா ஜன்னலுக்கு முதுகு காட்டி அத அந்த எடத்துல போட்டவன் நான், வெளிச்சம் பின்னாலருந்து வரும், சொல்றவன் மூஞ்சி சரியாத் தெரியாது, குரல் மட்டும் வரும், அதுக்காகவே பாத்துப் பாத்துப் போட்டது. இப்ப அதுல தலகாணி வெச்சு உக்காந்திருக்கா அந்தப் பொண்ணு இந்துஜா. இத்தன வருஷம் அந்தக் கட்டைல உக்காந்து எனக்கு முதுகு போச்சு, தலகாணி வெக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல, அதுவும் நாலாம் எடிஷன்ல போட்டிருக்கோ என்னமோ. வெளியாளுக்கு இந்த விளையாட்டச் சொல்லிப் புரியவெக்க முடியாது. என் மச்சினன் ஒரு தடவ கேட்டான், மாமா, ஞாயித்துக்கிழம எங்க போறீங்க, சீட்டாடவான்னு. இல்லடா, மேஜையச் சுத்தி நாலு பேர் உக்காருவோம், ஒருத்தன், அவன்தான் நடத்தறவன், உலகத்தச் சொல்லுவான், மழை பெய்யுது, கதவு பூட்டியிருக்கு, காவக்காரன் தூங்கறான்னு, மத்தவங்க அந்த உலகத்துல ஆளுக்கொரு வேஷம், நான் கதவத் தட்டறேன், நான் காவக்காரன எழுப்பறேன்னு சொல்லுவாங்க, நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா இருபது பக்கப் பகடைய உருட்டுவோம்னேன். சரி மாமா, யாரு ஜெயிப்பாங்கன்னான். யாரும் ஜெயிக்க மாட்டாங்கடா. அப்புறம் எதுக்கு மாமான்னான். எதுக்கா, காவக்காரன் நான்டா, கதவு நான்டா, மழை நான்டா. அத அவன்கிட்டச் சொல்லல.

லோகு இன்னும் ஃபோனப் பாத்துட்டிருக்கான். பாலத்துக் கயித்த அறுக்கறதுக்குக் கத்தித் தெறமையா, கைத் தெறமையான்னு அவனுக்கு சந்தேகம். திருப்பூர்ல பனியன் மெஷினுக்கு ஸ்பேர் விக்கறவன், எந்த ஊசி எந்த மெஷினுக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான், இங்க ஒரு கயித்துக்கு இந்தப் பாடு. மூணாம் எடிஷன்ல என் பக்கம் பாத்திருப்பான், நான் யோசிக்கற மாதிரி நடிச்சுட்டு, அறுக்கும்போது அந்தக் கயிறு முனகுதுடான்னு அந்த முனகல தொண்டைக்குள்ளருந்து போட்டுக் காமிச்சிருப்பேன், அவன் கை முடியெல்லாம் நட்டுக்கிட்டு நின்னிருக்கும். மூணாம் எடிஷன்ல ஒரு வரி உண்டு, பேச்சுக்குப் பகடை கிடையாது, நடத்தறவர் காது சொல்றதுதான்னு. அந்த ஒரு வரிய வெச்சு நான் ஒரு ஊரையே கட்டினேன், கருங்கல்பட்டணம், அதுல எழுபது எம்பது குரல் இருக்கும், சுங்கச்சாவடிக்காரன், பல்லு போன ராஜா, பொணம் எரிக்கறவன், பொணம். இப்ப பேச்சுக்கும் பகடை. ராஜாவ மயக்கணுமா, உருட்டு, பன்னண்டுக்கு மேல விழுந்தா மயங்கிட்டாரு, என்ன சொல்லி மயக்கினன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எடிஷன் மாறினா ஆளுங்க எப்டி ஆவாங்கன்னு நான் ஒரு கச்சேரியே பண்ணுவேன், போன மாசம் பண்ணவும் பண்ணேன், ஆர்.எஸ்.புரத்துல எல்லாக் குழுவும் கூடற எடத்துல, மாடிப்படில நின்னுக்கிட்டு. ஒருத்தர் இருக்காரு, நான் இந்தப் புக்கத் தொட்டுக்கூடப் பாக்கல, ஆனா மோசம்னு ஜட்ஜு தீர்ப்பு வாசிக்கற நிதானத்துல சொல்லுவாரு. ஒரு பையன், புக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிஎஃப்ல கரைச்சுக் குடிச்சவன், அதெல்லாம் அவங்க சரி பண்ணிட்டாங்க சார்னு கம்பெனிக்கு மருமகன் மாதிரிப் பேசுவான். ஒரு அம்மா, எங்க வீட்ல மூணையும் நாலையும் கலந்து வெச்சுக்கறோம்ங்கன்னு இட்லி மாவுக்கு அளவு சொல்ற மாதிரி. இன்னொரு மனுஷன், எல்லாம் ரெண்டாம் எடிஷனோட போச்சுன்னு எழவு வீட்ல மோர் குடிக்கற குரல்ல. நாலு பேரையும் நடுவுல மூச்சு விடாம மாத்தி மாத்திப் போட்டேன், படியில உக்காந்து வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க, அந்த மோர்க்கார மனுஷனே சிரிச்சாரு. அப்ப கீழ்ப்படில நின்னுட்டிருந்த இந்துஜாதான் கேட்டா, நீங்க எந்த வகைண்ணான்னு. வெளையாட்டா கேட்டாளா, தெரிஞ்சேதான் கேட்டாளா. எனக்கு எல்லாம் ஓகேதான்மான்னேன். அத எந்தக் குரல்ல சொன்னேன்னு எனக்கே நெனவில்ல.

எல்லாம் ஓகேதான்னு குரூப்லயும் போட்டேன், கட்டைவெரல் படத்தோட. ஓட்டு எடுத்தாங்க, மூணுக்கு ஒண்ணுன்னு கூட இல்ல, நாலுக்கு நாலு, நானும் நாலாம் எடிஷனுக்குத்தான் போட்டேன், பின்ன என்ன பண்றது, ஒத்த ஆளா நின்னா தோத்த மாதிரி ஆயிரும். மனசுக்குள்ள ஒரு கணக்கு, உள்ளருந்தே கவுத்துக்கலாம்னு. அதான் ஊமைய எடுத்தேன். ஆளுக்கொரு வேஷம் தேர்ந்தெடுங்கன்னு இந்துஜா சொன்னப்ப, என் ஆளு பேச மாட்டான், நாக்க அறுத்துட்டாங்கன்னேன். வேணு பேசாத விளையாட்டு ஒரு விளையாட்டான்னு ஜெரால்டு குதிப்பான்னு பாத்தேன். செம ஐடியாங்ணான்னான் லோகு. இந்துஜா புக்கப் புரட்டி, ஒரு கொறைய எடுத்துக்கிட்டா பதிலுக்கு ஒரு தெறம தருவாங்கண்ணா, உங்களுக்கு என்ன வேணும்னா. நான் பதில் சொல்லல, ஊமையாச்சே. அவளே மலை ஏறத் தெரியும்னு போட்டுக்கிட்டா. அதனால இப்ப எனக்கு மலை ஏறத் தெரியும். ஆனமலைய பஸ்ஸுல பாத்ததோட சரி, எனக்கு மலை ஏறத் தெரியும். இங்க மலையே இல்ல, பாலம்தான் இருக்கு. கொஞ்சம் பொறு, பொறு. ஒரே ஒரு எடம் கெடைக்கணும், ஒரே ஒரு இடைவெளி. சிரிக்க வெக்கறது ஜோக்கு இல்ல, அந்த இடைவெளிதான், எல்லார் மூச்சும் ஒண்ணா மேல போயி நிக்கும் பாருங்க, அங்க ஒரு சின்ன சத்தம் போதும். நடேசன் சாருக்கு ரெண்டு இருமல் போதுமா இருந்துச்சு. வேண்டாம், அது எதுக்கு இப்ப. கணபதில அவர் வீட்டு ஹால்லதான் நாங்க மொதல்ல ஆடினோம், பாலிடெக்னிக் வாத்தியாரு, அவர்தான் அப்ப நடத்தறவரு, ரெண்டாம் எடிஷன். ஒவ்வொரு பூதம் வர்றதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ இருமுவாரு, இருமல் கேட்டதும் எல்லாரும் கத்திய எடுத்துருவோம், அவருக்குக் கடைசி வரைக்கும் அது தெரியாது. நான்தான் பெங்களூர்லருந்து மூணாம் எடிஷன் வாங்கிட்டு வந்தேன், பளபளன்னு, பேச்சுக்குப் பகடை கிடையாதுங்கற அந்த வரிக்கு அடியில பென்சில்ல கோடு போட்டு. சார் ஒத்துக்கல. ரெண்டு ஏன் நல்லதுன்னு வரிசையா சொல்லிட்டே வந்தாரு, நல்லாத்தான் சொன்னாரு, பாதிப் பேரு தலையாட்ட ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு எடத்துல அடுத்த வார்த்தைக்காக நிறுத்தினாரு. நான் இருமினேன். ரெண்டு தடவ. அவ்ளோதான். ஜெரால்டு சட்டுனு கத்திய எடுக்கற மாதிரிப் பண்ணான், ஹாலே இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு, சாரும் சிரிச்சாரு, எதுக்குன்னு தெரியாம சிரிச்சாரு. அடுத்த வாரம் அவருக்குக் கால்வலி, அதுக்கடுத்த வாரம் ஊர்லருந்து விருந்தாளி, அப்புறம் நாங்க ஜெரால்டு வீட்டுக்கு மாறிட்டோம். நான் என்ன பண்ணேன். இருமினேன். ஒரு மனுஷனுக்கு இருமல் வராதா.

வந்தாரு ஒரு நாள், கடைக்கு. காது மெஷின் விக்கற கடைல வேல பாக்கறேன் நான், இந்தக் குரலுக்கு ஆண்டவன் குடுத்த உத்தியோகம், காது கேக்காதவங்ககிட்டப் பேசறது. கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வெச்சு, என் வாயப் பாக்காம நான் சொல்றதத் திருப்பிச் சொல்லுங்கன்னு மைக்ல சொல்லணும், பழம், படம், கடல், கதவு. உள்ள போயி உக்காந்தவரப் பாத்தா நடேசன் சாரு. எளச்சுட்டாரு. கூட அவரு மருமக. நான் மாஸ்க் போட்டிருந்தேன், அவருக்கு அடையாளம் தெரியல, பழம்னு சொல்ல வாயத் தொறந்தவன் சட்டுனு எங்க மேனேஜர் குரல்ல சொன்னேன், கொஞ்சம் மூக்கால, கொஞ்சம் மலையாளம் கலந்து. கடைசி வரைக்கும் மேனேஜர் குரல்லதான் சொன்னேன். எதுக்கு மாத்தினேன், கேக்காத காதுக்கு எந்தக் குரலா இருந்தா என்ன. தொழில் பழக்கம். மெஷின் மாட்டினதும் மொதல்ல ரெண்டு தடவ இருமிப் பாத்தாரு, தன் இருமல் தனக்குக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்ட மாதிரி மருமகளத் திரும்பிப் பாத்தாரு. நான் இப்படியா இருமறேன்னு கேட்டாரு. ஆமா மாமா, எப்பவும் இப்படித்தானேன்னா அந்தப் பொண்ணு. இங்க மேஜைல லோகு உருட்டிட்டான். கயிறு அறுந்துச்சு. என்ன சத்தத்தோட அறுந்துச்சு, அறுந்த கயிறு தண்ணில விழுந்துச்சா, பாலத்துக்காரி என்ன பண்ணா, ஒண்ணும் கேக்கல, அறுந்துச்சு, சரி, டேப்லெட்ல ஒரு டிக்கு. லோகு முறுக்க ஒடச்சு வாயில போட்டுக்கறான், ஜெயிச்சவன் மாதிரி.

இப்ப ஜெரால்டு. கேடயம் தூக்கறவனா வந்திருக்கான். ஜெரால்டு, கேடயம். பதினாறு வருஷமா அவன் வசைக்காரன்டா. மூணாம் எடிஷன்ல வசைக்காரன்னு ஒரு வேஷம் இருந்துச்சு, கத்தி கெடையாது, மந்திரம் கெடையாது, எதிரியப் பாத்து ஒரு சாபம் விடணும், சாபத்த அந்த ஆட்டக்காரனே சொந்தமா வாயால சொல்லணும், நல்லா இருந்தா பலிக்கும், சப்புனு இருந்தா பலிக்காது, பலிக்குமான்னு சொல்றது என் காது. நாலாம் எடிஷன்ல அந்த வேஷத்தையே எடுத்துட்டாங்க, ஒரு அடிக்குறிப்பு கூட இல்ல, தேடிப் பாத்தேன், அதாவது தேடிப் பாத்ததாக் கேள்விப்பட்டேன், நான் அந்தப் புக்கத் தொறக்கறதில்லன்னு இருக்கேன். ஜெரால்டுக்கு நெஞ்சு வெடிச்சிரும்னு நெனச்சேன். இன்னிக்கு வந்து உக்காந்ததும், பேக்கரிலருந்து வாங்கிட்டு வந்த தேங்காபன்ன வெட்டிக்கிட்டே சொல்றான், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான், யாருக்கோ சொல்ற மாதிரி, "இனிமே சனிக்கிழம ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்டா. வேணு முன்னாடி என்ன சொல்லித் தொலைக்கப் போறோமோன்னு வயித்தக் கலக்கும்." லோகு சிரிச்சான். இந்துஜா சிரிக்கல, தேங்காபன் தட்ட என் பக்கம் நகத்தி வெச்சா. வயித்தக் கலக்கும். எதுக்குடா கலக்கணும். நான் என்ன உன்ன ஃபெயிலா ஆக்கினேன். எவ்ளோ நல்லா சொல்லுவான் தெரியுமா, உன் நெழலு உனக்கு முன்னாடி வீட்டுக்குப் போயி கதவச் சாத்திக்கட்டும்னு ஒரு தடவ அந்தப் பல்லு போன ராஜாவப் பாத்துச் சொன்னான், எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, புல்லரிச்சதக் காட்டிக்க முடியுமா, நடத்தறவன் நானாச்சே, அதனால அதையே ஜெரால்டு மாதிரி சொல்லிக் காமிச்சேன், அவனுக்கு ச வராது, ஸன்னு காத்துப் போகும், ஸாத்திக்கட்டும், கதவ ஸாத்திக்கட்டும்னு, மேஜையே உருண்டுச்சு. அவனும் சிரிச்சான். சிரிச்சானா. சிரிச்சான், எனக்குத் தெரியும், ஜெரால்டு சிரிப்பு எனக்குத் தெரியாதா, அவன் பொண்டாட்டி ஸ்டெல்லா ஃபோன்ல ஏமாந்து போற அளவுக்கு அந்தச் சிரிப்ப நான் போடுவேன். ரெண்டு சிரிப்பு அவனுக்கு. ஒண்ணு வயித்துலருந்து வர்றது, உருண்டு உருண்டு, கடைசில ஒரு விக்கல். இன்னொண்ணு மூக்குலருந்து, ஹ்ம் ஹ்ம்னு, பஸ்ஸுல கால மிதிச்சவன் ஸாரி சொன்னா பரவால்லங்கன்னு வர்றது. அன்னிக்கு எது. இப்ப மண்டைக்குள்ள போட்டுப் பாக்கறேன், ராஜா, சாபம், ஸாத்திக்கட்டும், மேஜ உருளுது, ஜெரால்டு. மூக்கு. இருக்காது. இன்னொரு தடவ. வேற ஒரு சாபம், வேற ஒரு வருஷம், உன் வீட்டுத் திண்ணைக் கோழியெல்லாம் உன் பேரச் சொல்லிக் கூவட்டும், அதுக்கும் நான் ஏதோ பண்ணேன், எல்லாரும் சிரிச்சாங்க, ஜெரால்டு. மூக்கு. இந்தக் காது பொய் சொல்லாது, அதான் இதுல இருக்கற கேடு. போதும். பழைய கதையெல்லாம் எதுக்கு நோண்டணும், வயித்தக் கலக்கினா டாக்டரப் பாக்கணும், எடிஷன மாத்தக் கூடாது.

கேடயத்த முன்னாடி புடிச்சுக்கிட்டு நடக்கறேன்னான் ஜெரால்டு, உருட்டினான், பதினெட்டு, நல்லா இருக்குல்லன்னு கொழந்த மாதிரிக் கேட்டான். இப்ப பாலத்துக்காரி. பாலத்துக்காரி என் சரக்கு. கருங்கல்பட்டணத்துக்கு வெளிய, ஆத்துப் பாலத்துல உக்காந்து, போறவங்க வர்றவங்ககிட்ட ஆளுக்கொரு உண்மைய வாங்கிட்டு விடுவா, காசு வாங்க மாட்டா. வெத்தலையும் கரகரப்புமா ஒரு குரல், அது வந்துச்சுன்னா லோகு பின்னாடி தள்ளி உக்காருவான். போன வாரம் இந்துஜா ஃபோன் பண்ணா, வேணுண்ணா, உங்க பாலத்துக்காரிய நான் எடுத்துக்கலாமா, உங்க அளவுக்கு வராது, ஆனா அவ இல்லாம ஆரம்பிக்க மனசு வரலன்னா. தாராளமா எடுத்துக்கம்மான்னேன். பக்கத்துல இருந்த கோமதி, யாரு பேசினது இப்பன்னா. இந்துஜாடி, நம்ம குழுப் பொண்ணு. அவ இல்ல, நீங்க, நீங்க யாரு மாதிரிப் பேசினீங்கன்னா. என் பொண்டாட்டிக்கு எப்பவும் இதே பேச்சு, சொந்தக் குரல்ல பேசினா என்ன கொறஞ்சா போயிருவீங்கன்னு. கொறஞ்சுதான்டி போயிருவேன். அத யாரு கேக்கறது. அந்த நாற்காலில இருந்தாத்தான் எனக்கு நான் பேசறது கேக்கும், வீட்ல கடைல எல்லாம் மாவு மில்லுல பேசற மாதிரி, வாய் அசையும், அவ்ளோதான். இந்தப் பொண்ணு பாலத்துக்காரிய எடுத்து என்ன பண்ணியிருக்கா தெரியுமா, குரலே போடல. அவ கோவமாக் கேக்கறான்னு சொல்லிட்டு, தன்னோட சாதாரணக் குரல்ல, அவ வேல பாக்கற பம்ப் கம்பெனி ஆபீஸ்ல டிராயிங்கப் பத்தி சந்தேகம் கேக்கற குரல்ல, கேக்கறா. ஒவ்வொரு வாட்டியும் கேக்கறதுக்கு முன்னாடி மூக்கால சின்னதா ஒரு மூச்சு இழுப்பு, ஸ்ஸ், அப்புறம் ம், ஒரு நிமிஷம், அப்புறம் ஒரு வெரல் புக்கு மேல. வந்ததுலருந்து சேத்துட்டு வர்றேன். மூச்சு, ம், ஒரு நிமிஷம், வெரல். கெடச்சிருச்சு. அடிச்சா ஒரே அடி. இவளுக்கே தெரியாது இவ இப்படிப் பேசறான்னு, எவனுக்கும் தெரியாது, அதுதான் வித்தையே.

ஆனா ஒண்ணு. பாலத்துக்காரி லோகுவப் பாத்து, கயித்த அறுத்தியே, எதுக்கு அறுத்தன்னு கேட்டா. லோகு நாலு வருஷமா இந்த மேஜைல பேசினதே கெடையாது. நான் அடிக்கறேன், நான் ஓடறேன், நான் மறுபடி அடிக்கறேன், அவ்ளோதான் லோகு, அவன் ஒரு தடவ வாயத் தொறந்தப்ப நான் அவன் அப்பாவ மாதிரி, ஏனுங்க தம்பி, பேசவெல்லாம் வருங்களான்னு கேட்டது ஞாபகம் இருக்கு, அதுக்கு விழுந்த சிரிப்பும் ஞாபகம் இருக்கு. இப்ப அந்த லோகு கையில முறுக்கோட முன்னால நகந்து உக்காந்தான். சொன்னான், "எனக்குத் திரும்பிப் போறதுக்கு வழி இருந்தா நான் போயிருவேனுங்க. அதான் அறுத்தேன்." பாலத்துக்காரிகிட்டச் சொன்னான். குரல் இல்லாத பாலத்துக்காரிகிட்ட, அவ அங்க உக்காந்திருக்கற மாதிரியே பாத்துச் சொன்னான். ஜெரால்டு தேங்காபன்னக் கீழ வெச்சுட்டு லோகு பக்கம் திரும்பினான். இந்துஜா, அவ தலையாட்டறா, உன்ன விடறான்னா, பகடை கூடக் கேக்கல. பேச்சுக்குப் பகடை உண்டுன்னு போட்டிருக்கில்ல, கேளேன், உருட்டச் சொல்லேன், கேக்க மாட்டா. இந்தக் குழு என் கையவிட்டுப் போகுது. நான் கட்டின ஊர்ல, என் பாலத்துல, நான் இல்லாம ஒருத்தன் உண்மை சொல்றான், அதக் கேக்க ஆளும் இருக்கு. இப்ப விட்டா அடுத்த வாரம் ஜெரால்டும் பேசுவான், அதுக்கடுத்த வாரம் நான் வரலன்னா ஒரு நாற்காலிய மடிச்சு ஓரமா வெச்சுட்டு ஆட்டத்த ஆரம்பிச்சுருவாங்க, வேணுவுக்குக் கால்வலியாம்பாங்க, சரிம்பாங்க. மடிச்சு வெக்கற நாற்காலிலதான் உக்காந்திருக்கேன் இப்ப, அதயும் பாத்துக்கறேன், மத்தது மூணும் மரம்.

பாலத்துக்காரி உங்க பக்கம் திரும்பறாண்ணான்னா இந்துஜா. என் டர்ன். வந்திருச்சு. மூச்சு இழுத்தா, ஸ்ஸ், ம், ஒரு நிமிஷம்னா, வெரல் புக்கு மேல போச்சு, அப்புறம் வெரல எடுத்துட்டா, புக்கப் பாக்காம என்னப் பாத்துக் கேட்டா, அவ கேக்கறா, பேசாதவனே, நீ ஒரு உண்மைய எப்படித் தருவ. நல்ல கேள்வி. நானே கேட்டிருந்தா இதவிட நல்லாக் கேட்டிருக்க முடியாது. மூணு பேரும் என்னப் பாக்கறாங்க. லோகு முறுக்க வாய்க்குப் பக்கத்துல வெச்சபடி, ஜெரால்டு ரெண்டு முழங்கையும் மேஜைல ஊனி. எல்லார் மூச்சும் மேல ஏறுது, ஏறுது, நான் இதுக்குத்தானே பொறந்தேன், எனக்கு அது தெரியும், கையில புடிச்சுப் பாக்கலாம் அத, இப்ப ஏதாவது செய்யலாம், கைய நெஞ்சுல வெக்கலாம், ஊமை என்ன செய்வான், வாயத் தொறந்து அறுந்த நாக்கக் காட்டலாம், அது நல்லா இருக்கும், அது ரொம்ப நல்லா இருக்கும், லோகு செத்துருவான், இந்துஜா அதத் தாங்கிப் புடிச்சு எங்கயோ கொண்டு போயிருவா, ஆட்டம் பொழச்சுக்கும், நாலாம் எடிஷன் நெலச்சுரும், நெலச்சுரும், மூச்சு உச்சிக்கு வந்திருச்சு, இதுக்கு மேல ஒரு இமை தள்ளினா எறங்கிரும். நான் மூக்கால இழுத்தேன். ஸ்ஸ். வெரல காத்துல வெச்சேன். அவளோட குரல், அந்தப் பம்ப் கம்பெனிக் குரல், ஒரு முடி கொறையாம, "ம்... ஒரு நிமிஷம்... புக்குல என்ன போட்டிருக்குன்னா..."

இடி. லோகு வாயிலருந்து முறுக்கு மேஜைக்குப் பறந்துச்சு. அவன் மூஞ்சில ஒரு நொடி முன்னாடி இருந்த பாலம், ஆறு, எல்லாம் போச்சு, வெறும் லோகு, கண்ணுல தண்ணி வர சிரிக்கறான். ஜெரால்டு உருண்டான், உருண்டு உருண்டு, கடைசில விக்கல். வயிறு. சந்தேகமே இல்ல, வயிறு, அடுத்தவள வெச்சுப் பண்ணினா வயித்துலருந்து வருதுடா உனக்கு. நான் சிரிக்கல, மூஞ்சிய நேரா வெச்சுக்கிட்டேன், போட்டவன் சிரிக்கக் கூடாது. இந்துஜாவோட காது மடல் செவந்துச்சு. கீழ பாத்தா. புக்கப் பாத்தா. மூடு, மூடிரு, மூடி மேஜைல வெச்சுட்டு, வேணுண்ணா, நீங்களே நடத்துங்கன்னு சொல்லு, ஒரு தடவ நான் வேண்டாம்பேன். பக்கத்துல இருந்த டப்பாவத் தொறந்தா. உள்ளருந்து ஒரு நீல வில்ல, பிளாஸ்டிக்கு, சட்டைப் பட்டன விடக் கொஞ்சம் பெருசு, அத ரெண்டு வெரலால மேஜை மேல தள்ளி என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்தினா. "மேஜைல இருக்கறவங்கள சிரிக்க வெச்சா ஒரு டோக்கன் உண்டுண்ணா. ஆளு ஊமையா இருந்தாலும் ஆட்டக்காரருக்குக் குடுக்கலாம்னு போட்டிருக்கு." குரல் லேசா நடுங்குச்சு, அவ்ளோதான், நடுக்கத்தோடயே அடுத்து லோகுன்னுட்டா. கேலி இல்ல. கேலின்னா எனக்குத் தெரிஞ்சிருக்கும். புக்குல இருந்திருக்கு. நான் இத்தன வருஷம் ஒரு மேஜையக் கையில வெச்சிருந்தேனே, அது, அந்த ஒண்ணு, அதுக்கும் எவனோ ஒருத்தன் எங்கயோ உக்காந்து ஒரு வரி எழுதி, வில்ல செஞ்சு, டப்பால போட்டு அனுப்பியிருக்கான். பழைய புக்க எடுடான்னு யாரும் சொல்லல. லோகு கண்ணத் தொடச்சுக்கிட்டு, சரிங்க, நான் பாலத்தத் தாண்டி முன்னாடி போயி வழி பாக்கறேன்னான், திரும்ப உள்ள போயிட்டான், அவ்ளோ சுலபமா போயிட்டான். வில்லையத் தொட்டுப் பாத்தேன். எடையே இல்ல, ஓரத்துல அச்சுலருந்து வெட்டின பிசிறு. ஜெரால்டு என் பக்கம் சாஞ்சு, ஆட்டத்தக் கலைக்காம மெதுவா, மூணு சேந்தா ஒரு தடவ மறுபடி உருட்டலாம்டா, என்கிட்ட ஏற்கனவே ரெண்டு இருக்குன்னான். ரெண்டா. எப்ப சிரிக்க வெச்சான் இவன், யாரு சிரிச்சாங்க, நான் இங்கதானே உக்காந்திருந்தேன். அந்தத் தடிப் புக்கு மேஜை நடுவுல இருந்துச்சு, நான் தொட மாட்டேன்னு இருந்தது. இழுத்து மடில வெச்சுக்கிட்டேன். டோக்கன் எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேட்டேன். யாரும் சிரிக்கல. சிரிக்கறதுக்கு அதுல என்ன இருக்கு.